நாரிக் காயங்களை முன்னறிதல் கூடுமோ?

உடலுழைப்பு எங்கு நிகழ்கின்றதோ அங்கெல்லாம் நாரிநோவும் உடனுறைகின்றது. சந்தையில் மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர், வெங்காயத் தோட்டத்திற் குனிந்து நின்று களைபிடுங்குவோர், கொழுந்துக் கூடையை முதுகில் ஏந்தி மலைச்சரிவில் ஏறியிறங்கும் பெண்கள், நோயாளரைக் கட்டிலினின்றும் தூக்கும் தாதியர், நாள் முழுதும் பாரவண்டி செலுத்துவோர் ஆகிய யாவரும் இந்நோவை அறிவர். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ள கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் நாரிநோவோடு வாழ்ந்தனர். 2050ஆம் ஆண்டில் இத்தொகை 84 கோடியே 30 இலட்சமாக உயரும் என மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதரை இயலாமைக்கு உள்ளாக்கும் காரணங்களுள் உலகளாவிய நிலையில் முதலிடம் பெறுவதும் இதுவே. இவையனைத்தும் தொழிலால் விளைந்தவை அல்ல; எனினும் தொழிலால் விளைவனவற்றை மனிதர் தடுக்கக் கூடுமாதலின், அவை தனித்து ஆராயத்தக்கன.

இத்துணைப் பெருகிய துன்பத்தை வருமுன் அறிந்து காத்தல் இயலுமா என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயின் அவ்வொரு வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. எந்தத் தொழிலாளிக்கு நாரிக் காயம் உண்டாகும் என்பது ஒன்று. எந்த வேலையினால் நாரிக் காயம் உண்டாகும் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடைகாண முயன்றோர் பெரும்பாலும் தோல்வியே கண்டனர். பின்னதற்கோ பயன்படத்தக்க விடை கிடைத்துள்ளது. இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. முதல் வினாவையே பற்றி நிற்போமாயின், 'இவன் முதுகு வலுவற்றது' என்று கூறித் தொழிலாளியை விலக்குவோம். இரண்டாவதைப் பற்றி நிற்போமாயின், வேலையைத் திருத்துவோம். எனவே, எதனை முன்னறியலாம், எதனை முன்னறியலாகாது என்பதைத் தெளிதல் நீதியோடும் தொடர்புடையதாகின்றது.

பண்டை நோக்கு

தொழிலுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்தோருள் முதல்வராக வைத்தெண்ணப்படுபவர் இத்தாலிய வைத்திய பேராசிரியர் பெர்ணாடினோ ரமாசினி ஆவர். தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுமைகாவுவோரின் நோய்களும் அந்நூலில் இடம்பெற்றன. நோயாளியிடம் வைத்தியர் கேட்கவேண்டிய வழக்கமான வினாக்களோடு, 'நீ செய்யுந் தொழில் யாது?' என்னும் வினாவையும் சேர்த்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். நோயாளியின் உடலை மட்டுமன்றி அவனது வேலையையும் நோக்குக என்பதே இதன் கருத்தாகும்.

பின்வந்த காலத்தில் இந்நோக்குச் சற்று மறைந்தது. 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின் உடலினுள்ளே நோக்குதல் எளிதாயிற்று. 1934ஆம் ஆண்டில் மிக்ஸ்ரர், பார் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், முள்ளந்தண்டு என்புகளுக்கிடையேயுள்ள தட்டுப் பிதுங்கி நரம்பை அமுக்குவதாற் கால்வரை பரவும் நோவு உண்டாதல் கூடும் எனக் காட்டினர். இக்கண்டுபிடிப்பு வைத்தியத்துக்குப் பெருநன்மை செய்தது. ஆயினும் எல்லா நாரிநோவுக்கும் காரணம் என்புப் படத்திலேயே தென்படும் என்னும் நம்பிக்கையும் அதனுடன் வளர்ந்தது.

முள்ளந்தண்டும் நெம்புகோலும்

பாரந் தூக்குகையில் நாரியில் நிகழ்வது யாது என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலுள்ள இடைத்தட்டை ஒரு நெம்புகோலின் சுழலிடமாகக் கொள்க. கையிலுள்ள பாரம் அச்சுழலிடத்துக்கு முன்னே நின்று உடலை முன்புறமாகச் சாய்க்க முயலும். அதனை எதிர்த்து உடலை நிமிர்த்துவன முதுகின் பின்புறத் தசைகளாம். இத்தசைகள் சுழலிடத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே உள்ளன. பாரமோ அரை மீற்றர் தூரத்திலும் இருத்தல் கூடும்.

20 கிலோகிராம் பாரமொன்றை 50 சென்ரிமீற்றர் முன்னே ஏந்தி நிற்பவனை நினைக. அப்பாரத்தின் திருப்பத்தை ஈடுசெய்தற்கு அவனுடைய முதுகுத் தசைகள் 200 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையால் இழுத்தல் வேண்டும். குனிந்திருப்பானாயின் அவனது தலை, தோள், மார்பு ஆகியவற்றின் நிறையையும் அவையே தாங்குதல் வேண்டும். இவ்விசைகள் எல்லாம் ஒருங்கே இடைத்தட்டை அமுக்குகின்றன. அதே பாரத்தை 25 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கொணர்வானாயின் முற்கூறிய 200 கிலோகிராம் 100 ஆகக் குறையும். ஆகவே நாரியை வருத்துவது பாரம் மட்டுமன்று. பாரமும் தூரமும் பெருகிய பெருக்கமே எனலாம்.

இது வெறுங் கணக்கன்று. சுவீடன் நாட்டு வைத்தியர் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் இடைத்தட்டினுள் நுண்ணூசி செலுத்தி அமுக்கத்தை நேரே அளந்தார். குனிந்து பாரந் தூக்குகையில் அமுக்கம் மிகுதலை அவ்வளவீடுகள் காட்டின. சாய்மானமின்றி அமர்ந்திருத்தல் நேரே நிற்றலிலும் மிகுதியான அமுக்கத்தை உண்டாக்குவதையும் அவர் கண்டார்.

இங்கே மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. ஒரே முறையில் முறிக்கும் வலியில்லாத சுமையும் பன்முறை மீள மீள ஏறுமாயின் பொருளைத் தளர்த்திவிடும். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பது தமிழர் நன்கறிந்த செய்தியே. இடைத்தட்டின் உட்பகுதியில் நோவை உணர்த்தும் நரம்புகள் இயல்பாக இல்லாமையால், அங்கு மெல்ல மெல்ல நேரும் சிதைவு பலகாலம் உணரப்படாமலே இருத்தல் கூடும். ஒருநாட் காலையில் சிறியதொரு பெட்டியைத் தூக்கியவனுக்கு நாரி பிடித்துக்கொள்ளின், குற்றம் அப்பெட்டியினுடையது அன்று. அதற்கு முந்திய ஆயிரம் மூடைகளினுடையதாகலாம்.

ஆளைச் சோதித்தல்

வேலைக்கு ஆளெடுக்குமுன் முதுகை எக்ஸ் கதிராற் படம்பிடித்துப் பார்த்து, வலுவற்ற முதுகினரை நீக்கிவிடின் காயங்கள் குறையும் என ஒருகாலத்தில் அமெரிக்கத் தொழிலகங்கள் பல எண்ணின. அவ்வழக்கம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காரணம் யாதெனின், படத்திற் காணப்படும் மாற்றங்களுக்கும் பின்வரும் நோவுக்குமுள்ள தொடர்பு மிக நலிந்தது என்பதே.

இதனைத் தெளிவாக்கிய ஆய்வொன்று 1994ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாரிநோவு சிறிதுமில்லாத 98 பேரின் முள்ளந்தண்டுகளைக் காந்தப் பரிவுப் படமூலம் ஆராய்ந்தபோது, அவருள் நூற்றுக்கு 36 பேருக்கே எல்லா இடைத்தட்டுகளும் வழுவின்றி இருந்தன. ஏனைய 64 வீதத்தினரின் தட்டுகளில் ஏதேனும் மாற்றம் தென்பட்டது. ஆயினும் அவருக்கு நோவில்லை. படத்தைப் பார்த்து ஆளெடுக்கும் ஒருவர், இவர்களுள் மூவரில் இருவரைக் காரணமின்றி விலக்கியிருப்பார். அத்தகைய சோதனை முன்னறிவு ஆகாது. அது வேலையிழப்பையே உண்டாக்கும்.

தனியாளைப் பற்றிய குறிகளுள் ஓரளவு வலிமையுடையது ஒன்றே. முன்பு நாரிநோவு கண்டவருக்கு அது மீண்டும் வருதற்குரிய வாய்ப்பு மிகுதி. ஆயினும் வளர்ந்தோருட் பெரும்பாலார் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோவுக்கு ஆளாகின்றனர். அக்குறியைக் கொண்டு ஆள்களைக் கழிக்கத் தொடங்கின் வேலைக்கு ஆளே எஞ்சார். அன்றியும் முந்திய நோவே முந்திய வேலையால் வந்ததாயின், உழைத்து நலிந்தவனை அந்நலிவைக் காட்டியே தண்டிப்பதாக அது முடியும்.

வேலையை அளத்தல்

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். தூக்கத்தக்க உச்சப் பாரம் இவ்வளவு என ஓரெண்ணால் வரையறுத்தல் பழைய முறையாகும். சர்வதேசத் தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டில் உச்சப் பாரம் பற்றிய 127ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதனுடன் வந்த 128ஆம் இலக்க விதப்புரை, வளர்ந்த ஆண்மகனொருவன் கையாற் சுமக்கும் பாரத்துக்கு 55 கிலோகிராமை எல்லையாகக் குறித்தது. இவ்வெண்ணைக் கொண்டு நோக்கின், நம் நாட்டில் விற்கப்படும் 50 கிலோகிராம் சீமெந்துப் பை எல்லைக்குள் அடங்கியதே. ஆனால் அதனை நிலத்திலிருந்து தூக்குதலும் இடுப்பளவு மேசையிலிருந்து தூக்குதலும் ஒன்றாகுமா? ஒருமுறை தூக்குதலும் நாள் முழுதும் நிமிடத்துக்கு ஒருமுறை தூக்குதலும் ஒன்றாகுமா?

இக்குறையை நீக்க முயன்றது ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம். அது 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, இடைத்தட்டின்மீது ஏறும் அமுக்கவிசை 3400 நியூற்றனைக் கடத்தலாகாது என்னும் அளவைக் கொண்டது. இது ஏறத்தாழ 350 கிலோகிராம் நிறைக்கு ஒப்பாகும். 1991ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் சமன்பாட்டைத் திருத்தியமைத்தது. அச்சமன்பாடு கடினமானதன்று; பெருக்கல் அறிந்த எவரும் கையாளத்தக்கது.

எல்லா நிலைமைகளும் நன்றாயிருப்பின் தூக்கத்தக்க பாரம் 23 கிலோகிராம் என அது தொடங்குகின்றது. பின்னர் நிலைமை குறைவுபடுந்தோறும் ஒன்றிற் குறைந்த காரணியொன்றால் அவ்வெண்ணைப் பெருக்குகின்றது. காரணிகள் ஆறு: கணுக்கால்களின் நடுவிலிருந்து பாரம் எவ்வளவு முன்னே உள்ளது, கைகள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, பாரம் மேலே எவ்வளவு தூரம் நகர்த்தப்படுகின்றது, உடல் எவ்வளவு முறுக்கப்படுகின்றது, எத்துணைமுறை எவ்வளவு நேரம் தூக்கப்படுகின்றது, பிடி எத்தன்மையது என்பன. வருவது அவ்வேலைக்கு விதந்துரைக்கும் பாரமாகும். உண்மைப் பாரத்தை இதனால் வகுத்துப் பெறும் ஈவு தூக்கற் சுட்டி எனப்படும். சுட்டி 1ஐ விஞ்சுமாயின் ஆபத்துக் கூடத் தொடங்கும். 3ஐ விஞ்சுமாயின் தொழிலாளர் பலர்க்கு ஆபத்து மிக்கதெனக் கருதப்படும்.

முற்கூறிய சீமெந்துப் பையையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளி ஒருவன் எட்டு மணிநேரம், நிமிடத்துக்கு ஒரு பையாக, பாரவண்டியில் ஏற்றுகின்றான். பை 40 சென்ரிமீற்றர் முன்னே உள்ளது. 25ஐ 40ஆல் வகுக்கக் காரணி 0.625. கைகள் நிலத்துக்கு 25 சென்ரிமீற்றர் மேலே தொடங்குகின்றன, காரணி 0.85. பை 75 சென்ரிமீற்றர் உயர்த்தப்படுகின்றது, காரணி 0.88. உடல் 45 பாகை திரும்புகின்றது, காரணி 0.856. வேகத்துக்கும் நேரத்துக்கும் உரிய காரணி 0.75. பைக்குப் பிடியில்லாமையாற் காரணி 0.90. இவையனைத்தாலும் 23ஐப் பெருக்க விடை ஏறக்குறைய 6.2 கிலோகிராம். 50ஐ 6.2ஆல் வகுக்கச் சுட்டி 8 ஆகின்றது.

இனி ஆளை மாற்றாது வேலையை மட்டும் மாற்றுவோம். பைகளை இடுப்பளவான மேடையில் அடுக்கி, வண்டியை அதனருகே நிறுத்தி, பையை உடலோடு அணைத்து, முறுக்கின்றி, 25 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தாமல் ஏற்றுமாறு ஒழுங்குசெய்வோம். முதல் நான்கு காரணிகளும் 1 ஆகிவிட, விதந்துரைக்கும் பாரம் 15.5 கிலோகிராமாக உயர்கின்றது. சுட்டி 8இலிருந்து 3.2 ஆக இறங்குகின்றது. பையின் நிறையை 25 கிலோகிராம் ஆக்கின் சுட்டி 1.6. தொடர்ந்து தூக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் அடக்கி, இடையிடையே போதிய இலேசான வேலை கொடுப்பின் சுட்டி 1.3 அளவில் நிற்கும். பொறியொன்று பையை ஏற்றுமாயின் வினாவே எழாது. ஒரே மனிதன், ஒரே முதுகு. ஆயினும் ஆபத்து ஆறிலொரு பங்கிலும் சற்றே குறைந்த அளவுக்குச் சுருங்கியதைக் காண்க.

இச்சமன்பாட்டுக்கு எல்லைகளும் உண்டு. இரு கைகளால் நின்றபடி தூக்கும் வேலைக்கே அது பொருந்தும். தோளிற் சுமந்து நடத்தல், தள்ளுதல், இழுத்தல், முழந்தாளிட்டுத் தூக்குதல், வழுக்கும் நிலத்தில் நின்று தூக்குதல் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே முதுகில் மூடை சுமந்து நடப்போரின் ஆபத்தை இதுகொண்டு கணித்தல் தவறாகும். நோயாளரும் மூடையைப் போன்றவரல்லர். அவர் அசைவர், நழுவுவர். ஆதலால் அவரைத் தூக்குதற்கு 16 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாதியர்மேல் ஏற்றலாகாதென அந்நிறுவனத்து ஆய்வாளரொருவர் 2007ஆம் ஆண்டில் விதந்துரைத்தார். வளர்ந்தவர் ஒருவரைத் தனியொருவர் தூக்கும் வேலை இவ்வெல்லையுள் அடங்குதல் அரிது.

அசைவின் வேகம்

மேற்கூறிய கணக்கு உடலின் நிலையை நோக்குகின்றதேயன்றி அது அசையும் விரைவை நோக்கவில்லை. இதனை அளக்க முற்பட்டவர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் மராஸ். முதுகின்மேல் அணியத்தக்க கருவியொன்றை அவர் குழுவினர் அமைத்தனர். அது வெளியிலணிந்த மற்றொரு முள்ளந்தண்டு போன்று உடலோடு வளைந்து, சாய்வையும் முறுக்கையும் அவற்றின் வேகத்தையும் பதிவுசெய்தது. 48 தொழிலகங்களில் 403 வேலைகளை இக்கருவிகொண்டு ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

காயம் மிக்க வேலைகளையும் காயமற்ற வேலைகளையும் பிரித்தறியும் காரணிகள் ஐந்தென அவர் கண்டனர். அவையாவன: தூக்கும் தடவைகள், பாரத்தின் திருப்பம், பக்கவாட்டிற் சாயும் வேகம், முறுக்கும் வேகம், முன்னே குனியும் கோணம். இவ்வைந்தும் ஒருங்கே உயர்ந்துள்ள வேலை, தாழ்ந்துள்ள வேலையிலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட விகிதத்திற் காயம் மிக்க வகுப்பைச் சேரத்தக்கதாயிருந்தது. இவற்றுள் எதுவும் தொழிலாளியின் பிறப்பையோ உடலமைப்பையோ பற்றியதன்று. ஐந்தும் வேலையின் அமைப்பிலிருந்து பிறப்பன. மேற்பார்வையாளர் 'விரைந்து செய்க' என்று கூறும்போது அச்சொல்லும் நாரியின்மேல் ஏறும் ஒரு பாரமாகின்றது.

மனமும் நோவும்

உடலியக்கம் மட்டுமே காரணமோ எனின், அன்று. அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிலகத்தில் 3020 தொழிலாளரை நான்காண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவருள் 279 பேர் முதுகுநோவு முறையிட்டனர். தம் வேலையில் ஏறக்குறைய ஒருபொழுதும் மகிழ்ச்சி காணாதவர், ஏறக்குறைய எப்பொழுதும் மகிழ்ச்சி கண்டவரிலும் 2.5 மடங்கு மிகுதியாக முறையிட்டதை ஆய்வாளர் கண்டனர்.

இம்முடிவைக் கொண்டு, நாரிநோவு மனமருண்டோர் கற்பனை என்று பேசுவாருமுளர். அது பொருந்தாது. இவ்வாய்வு எண்ணியது முறையீடுகளையே. ஒரே நோவைக்கொண்டு ஒருவர் வேலையைத் தொடர்வதும் மற்றொருவர் தொடர இயலாமற்போவதும், மேலாளரின் மதிப்பு, வேலையின் சுவை, ஓய்வெடுக்கும் உரிமை ஆகியவற்றைப் பொறுத்தன. அவையும் வேலையின் அமைப்பைச் சேர்ந்தவையே அன்றோ?

முன்னறிவின் பயன்

முன்னறிந்தபின் செய்யத்தக்கது யாது? எளிதாகத் தோன்றும் வழிகள் இரண்டு. ஒன்று, தூக்கும் முறையைக் கற்பித்தல். ஏறக்குறைய 4000 தபாற் தொழிலாளரை ஐந்தரை ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கற்பிக்கப்பட்டோரிடத்தும் காயங்கள் குறைந்தில. மற்றது, இடுப்புப் பட்டி அணிவித்தல். 160 கடைகளில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரிடை நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பட்டியாற் பயன் புலப்படவில்லை. இவ்விரு வழிகளும் ஆளைத் திருத்த முயல்வன. வேலையை இருந்தபடியே விடுவன. அவை பயனற்றுப் போனமை வியப்பன்று.

1992ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகள் வேறு நெறியைக் கைக்கொண்டன. ஆபத்துத் தரத்தக்க தூக்குவேலையைக் கூடியமட்டும் தவிர்க்க. தவிர்க்கவியலாததை ஆராய்ந்து மதிப்பிடுக. மதிப்பிட்டபின் ஆபத்தைக் குறைக்க. இம்மூன்று கடமைகளும் வேலைகொள்வோருக்கே உரியன. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினின்றும் வேலையின்போதும் எழும் விபத்தால் விளையும் காயத்துக்கு நட்டஈடு வழங்குகின்றது. ஆயினும் பல்லாண்டுகளாக மெல்லத் தேய்ந்த நாரி எந்நாளின் விபத்தைச் சுட்டிக்காட்டும்? நட்டஈடு காயத்தின் பின் வருவது. முன்னறிவோ காயத்தின் முன் நிற்பது. நாள் குறிப்பிட முடியாத காயத்துக்கு முன்னறிவே தகுந்த காப்பாகும்.

காப்புறுதிக் கணக்கர், ஓராண்டில் ஓரூரில் எத்துணை வீடுகள் தீப்பற்றும் என்று ஏறக்குறைய மதிப்பிடுவர். எவ்வீடு பற்றும் என்று கூறார். நாரிக் காயமும் அத்தகையதே. இம்மூடையைத் தூக்குவோருட் பலர் வருந்துவர் என அறியலாம். கந்தன் வருந்துவானோ முருகன் வருந்துவானோ என அறிதல் அரிது. அவ்வறிவு குறைபாடுடையதேனும் செயலுக்குப் போதுமானது. தீயை அஞ்சுவோர் எவ்வீடு பற்றும் என ஆராய்ந்து கொண்டிராது எல்லாக் கூரைகளையும் ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாற்றுவர்.

நம் மாணவருட் பலர் நாளை பொறியியலாளராகவும் வைத்தியராகவும் களஞ்சியப் பொறுப்பாளராகவும் மேற்பார்வையாளராகவும் பணிபுரிவர். அளவுநாடாவொன்றும் தராசொன்றும் பெருக்கற் கணக்கும் கொண்டு அவர்கள் ஒரு வேலையின் ஆபத்தை அது ஆளை வருத்துமுன்னரே அறியக் கூடும். மேடையொன்றை உயர்த்தவும், பையொன்றின் நிறையைக் குறைக்கவும், ஓய்வொன்றை வழங்கவும் அவர்களுக்கு அதிகாரமும் இருக்கும். நாரி பிடித்து வந்து நிற்கும் தொழிலாளியிடம், அவன் முதுகைப் பற்றி வினவுமுன் அவன் தூக்கிய பாரத்தைப் பற்றி வினவுதல் அவர்களது கடமையாகும்.